பார்க்கிங் பற்றாக்குறை என்னும் பொய்க்கணக்கு

சென்னையில் பார்க்கிங் போதவில்லை. அதனால் தெருவெல்லாம் நெரிசல். அதனால் இன்னும் பார்க்கிங் கட்ட வேண்டும். மாமன்றக் கூட்டம், குடியிருப்போர் நலச் சங்கம், வணிகர் சங்கம், டீக்கடை என எங்கே போனாலும் இதே பேச்சுதான். கட்சி வேறுபாடுகூட இதில் கிடையாது. பார்க்கிங் நிலத்தில் ஒரு பகுதியையாவது பகிர்ந்து வாழும் விடுதிகளுக்கும் கீரைத் தோட்டங்களுக்கும் கொடுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். “இருக்கிற வண்டியை நிறுத்தவே வழியில்லை, இப்போது இது தேவையா?” என்று வாயை அடைத்துவிடுவார்கள். இந்தப் பதில் தவறு. ஒரு தலைமுறையின் நகரத் திட்டமே இந்தத் தவறின் மேல் கட்டப்பட்டிருப்பதால் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பை அதன் பலம் குறையாமலே சொல்லிவிடுகிறேன். கார் வாங்கியவர் வாங்கிவிட்டார். அதை எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். இடம் இல்லையென்றால் தெருவில் நிறுத்துவார். தெருவில் நிறுத்தினால் மாநகரப் பேருந்தும் ஆம்புலன்ஸும் மாட்டிக்கொள்ளும். வாசலில் நிறுத்த முடியாத வாடிக்கையாளர் மாலுக்குப் போய்விடுவார், தி. நகர் வியாபாரிக்கு நஷ்டம். மெட்ரோ எல்லா இடத்துக்கும் வந்துவிடவில்லை. மூட்டுவலியுள்ள தாயை மருத்துவமனைக்கு அழைத்துப்போகிற மகளுக்குக் கார் ஆடம்பரம் ஆகாது. வண்டி நிறுத்தக் கட்டிய தளத்தில் மனிதர் குடியிருக்க முடியாது. மொட்டைத் தளத்துக் கீரை ஊருக்குச் சோறு போடாது. இவற்றில் எதுவும் முட்டாள்தனமான வாதமில்லை. சிலவற்றில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ‘ஆகவே நிலத்தைக் காருக்கே கொடு’ என்ற முடிவு இவற்றில் எதிலிருந்தும் கிளைக்கவில்லை.

1. பற்றாக்குறை என்கிறீர்களே, எதில் பற்றாக்குறை?

ஒரு காருக்கு இந்த நகரம் எத்தனை இடம் ஒதுக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. மால், மண்டபம், மருத்துவமனை என்று போகிற இடமெல்லாம் அதற்காகக் காத்திருப்பது இன்னொன்று. கார் எந்த நேரத்திலும் ஏதாவது ஓர் இடத்தில்தான் நிற்கும். மற்ற இடங்கள் சும்மா கிடக்கும். அடையாறு அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் காலை பதினொரு மணிக்குப் பாதி வெறிச்சோடிக் கிடக்கிறது. கிண்டி அலுவலகங்களின் அடித்தளம் இரவு பத்து மணிக்கு முழுக்கக் காலி. ஒன்றின் காலி நேரம் மற்றதற்குப் பயன்பட வழி செய்யாமல், இரண்டு இடத்திலும் போதவில்லை என்கிறோம். கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், இலவசப் பார்க்கிங்குக்கு ஊர் கொடுக்கும் விலையைப் பற்றி 2005இல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஒரு கார் தன் ஆயுளில் சுமார் 95 சதவீத நேரம் ஓடாமல் நிற்கிறது என்பது அவர் போட்ட கணக்கு. ஓடுவதற்காக வாங்கிய பொருள் நிற்பதற்காகவே நாம் நிலம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கட்டினால் தீரும் என்பவர்களுக்குத் தி. நகரே பதில். தணிகாசலம் சாலையில் 222 கார்களுக்கும் 513 இருசக்கர வாகனங்களுக்கும் இடமுள்ள அடுக்கு வாகன நிறுத்தம் 2021இல் திறக்கப்பட்டது. மாநிலத்திலேயே நெரிசல் மிகுந்த கடைவீதிகளில் ஒன்றின் பக்கத்தில் அது நிற்கிறது. எதிர்த்தரப்பின் வாதப்படி அது முதல் நாளே நிரம்பி வழிந்திருக்க வேண்டும். ஆனால் அது முழுதாகப் பயன்படுவதில்லை என்ற செய்திதான் திரும்பத் திரும்ப வந்தது. காரணம் எளிது. பக்கத்துத் தெருவில் ஓசியில் நிறுத்த முடிகிறவரை யாரும் காசு கொடுத்து மாடி ஏற மாட்டார்கள். தெரு ஓசியாக இருக்கும்வரை எத்தனை கோடி கொட்டிக் கட்டினாலும் ‘பற்றாக்குறை’ அப்படியேதான் இருக்கும்.

2. ‘மக்களுக்கு வேண்டும்’ என்கிறீர்களே, எந்த மக்களுக்கு?

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களில் கார் வைத்திருப்பவை 7.5 சதவீதம். சென்னை போன்ற நகரத்தில் இது கூடுதலாக இருக்கும். அப்போதும் பெரும்பான்மையை நெருங்காது. பொதுநிலத்தின் மீதான உரிமை இந்தச் சிறுபான்மைக்குக் கேள்வியே இல்லாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதே தெருவோரத்தில் ஒரு அம்மா ஆறடித் தள்ளுவண்டியில் இட்லி விற்றால் ஆக்கிரமிப்பு என்று லாரி வந்து தூக்கிப் போகிறது. தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014இல் மத்தியச் சட்டம் வந்த பிறகும் இதுதான் நிலை. தள்ளுவண்டியைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, உறை போர்த்தி, வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் காரை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. தள்ளுவண்டி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அந்தக் கார் நிற்க மட்டுமே செய்கிறது. நிலத்தின் மதிப்பைப் பிரதிபலிக்கும் அளவுக்கு நிறுத்தக் கட்டணம் உயர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லிவிட்டது. அதை நடைமுறைப்படுத்தத் துணிந்த மாநகராட்சியை நான் பார்த்ததில்லை.

3. ‘ஏழைகளுக்கு நகருக்குள் நிலமில்லை’ என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கூவம் கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது சொல்லப்பட்ட காரணம் அது. நகர மையத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் வேலையை இழந்தார்கள். பிள்ளைகள் நடுவருடத்தில் பள்ளி மாறினார்கள். நகருக்குள் இடமே இல்லை என்றார்கள். இனி அளந்து பார்ப்போம்.

தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு காருக்கான கட்டம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், 12.5 சதுர மீட்டர். வண்டி உள்ளே வந்து திரும்பும் வழி, சரிவுப் பாதை, தூண் எல்லாம் சேர்த்தால் இது இரட்டிக்கும். டெல்லியின் 2021 பெருந்திட்டம் இதற்கு வெளிப்படையாகவே அளவு வைத்திருக்கிறது: ஒரு காருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டர், தரைத்தளத்தில் 28, அடித்தளத்தில் 32. இதோடு ஒன்றிய அரசின் 2015ஆம் ஆண்டு வீட்டுவசதித் திட்டத்தை ஒப்பிடுங்கள். அதில் பொருளாதாரத்தில் நலிந்த குடும்பத்துக்கான வீட்டின் உட்பரப்பு வரம்பு 30 சதுர மீட்டராக இருந்தது. நான்கைந்து பேர் சமைத்து, உண்டு, உறங்கி, படித்து வாழ அரசு போதுமென்று நினைத்த பரப்பைவிட, அடித்தளத்தில் ஒரு காருக்கு ஒதுக்குவது அதிகம். குடும்பத்துக்கு அந்த வீட்டைக் கொடுப்பது சலுகை. காருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது கட்டாயம். கொடுக்காவிட்டால் கட்டட அனுமதியே கிடையாது. அதுவும் போதாதென்று, ஒரு நிலத்தில் எவ்வளவு கட்டலாம் என்று வரையறுக்கும் தளப்பரப்புக் குறியீட்டில் பார்க்கிங் பரப்பைச் சேர்ப்பதில்லை. வீடு கட்டினால் கணக்கில் வரும், காருக்குக் கட்டினால் வராது. பிறகு வீட்டு விலை ஏறுகிறதே என்று வியக்கிறோம்.

பார்க்கிங்கில் மனிதர் வாழ முடியாது என்பவர்கள் இரவு பத்து மணிக்கு மேற்கு மாம்பலத்திலோ அண்ணா நகரிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடியின் ஸ்டில்ட் தளத்துக்குள், தூண்களுக்கு நடுவில் கார் நிற்கும் கீழ்த்தளத்துக்குள், போய்ப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் வாழ்கிறது. மின்மீட்டர் பலகைக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில், ஜன்னலில்லாத ஓர் அறையில் வாட்ச்மேன், அவர் மனைவி, சில வீடுகளில் பள்ளி போகும் பிள்ளைகளும். அறைக்குள் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. அதனால் கட்டில் வெளியே இரண்டு கார்களுக்கு நடுவில் வந்துவிடுகிறது. கொடி, தூணிலிருந்து தூணுக்கு. ஸ்டவ், சம்ப்பின் மூடிக்குப் பக்கத்தில். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவது, மூன்றாவது மாடிக்காரரின் காருக்கு மேலே எரியும் டியூப்லைட் வெளிச்சத்தில். விடியற்காலை ஐந்தரைக்கு விமான நிலையம் போகிறவர் காரை எடுக்கும்போது புகை முழுக்க அந்தக் கட்டிலில்தான் அடிக்கிறது. இவர்களுக்குப் பத்திரம் கிடையாது, தனிக் கழிப்பறை பல இடங்களில் கிடையாது, வேலை போனால் அன்றே வீடும் போகும். ஆகவே பார்க்கிங்கில் மனிதர் வாழலாமா என்ற விவாதத்தையே நான் ஏற்கவில்லை. வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சுவரும் காற்றும் கதவும் உரிமையும் கொடுப்போமா என்பதே நம் முன் இருக்கும் கேள்வி.

4. ‘கட்டடம் தாங்காது’ என்கிறார்கள், பாதி சரி.

தாங்காது என்ற பாதி தவறு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடியிருப்பு அறைத் தளம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் பாரத்துக்கும், சாதாரணக் கார் நிற்கும் தளம் 2.5 கிலோநியூட்டனுக்கும் வடிவமைக்கப்பட வேண்டும். காரைச் சுமக்கிற தளம் கட்டிலையும் அலமாரியையும் ஆட்களையும் சுமக்கும்.

சரியான பாதி, உயரமும் காற்றும். குடியிருப்பு அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பல பழைய பார்க்கிங் தளங்களில் அந்த உயரம் இல்லை. அடித்தளத்தில் ஆட்களைக் குடிவைப்பது குற்றம் என்றே சொல்வேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023இன் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. ஆனால் இந்தத் தடை எதைத் தடுக்கிறது? தாழ்ந்த தளங்களையும் அடித்தளங்களையும் மட்டும். நம் நகரத்தின் பார்க்கிங் நிலம் எல்லாமே அப்படிப்பட்டதில்லை. மேலே வானம் தெரியும் வெறும் தரையும் உண்டு. மெட்ரோ நிலையங்களுக்குப் பக்கத்து மைதானங்கள், அரசு அலுவலக வளாகங்கள், பேருந்து நிலையத்தை ஒட்டிய பரப்புகள்.

அங்கே எல்லாக் கார்களையும் விரட்டக்கூட வேண்டியதில்லை. மியூனிக் நகரம் 2016இல் டான்டேபாட் நீச்சல் குளத்தின் வாகன நிறுத்தத்துக்கு மேல், தூண்கள் எழுப்பி, மரக் கட்டுமானத்தில் 100 சிறு வீடுகளை ஒரு வருடத்துக்குள் கட்டி முடித்தது. கீழே பெரும்பாலான கார்கள் முன்போலவே நிற்கின்றன. மேலே அகதிகளும் குறைந்த வருமானக்காரர்களும் குடியிருக்கிறார்கள். உச்சியில் எல்லோருக்கும் பொதுவான மொட்டைமாடி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மாநகராட்சிப் பார்க்கிங்குக்கு மேல் இதே முறையில் 11 வீடுகள் எழுந்தன. நிலத்துக்குத் தனி விலை இல்லை, யாரையும் காலி செய்ய வேண்டியதில்லை.

நம் ஊருக்குக் கணக்குப் போடுவோம். 100 கார் நிற்கும் திறந்தவெளி 2,300 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு 2 என்று வைத்தால் 4,600 சதுர மீட்டர் கட்டலாம். பொது அடுக்களை, கழிப்பறை, நடைவழி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 சதுர மீட்டர் என்றாலும் 300 பேருக்கு இடம். கீழே தூண்களுக்கு நடுவில் இருசக்கர வாகனங்களும், மாற்றுத்திறனாளிகளின் கார்களும், ஆட்டோக்களும் நிற்கலாம். ஒரு பக்கம் நூறு கார், மறுபக்கம் முந்நூறு பேர். இதில் எதை எடுப்பது என்று தீர்மானிக்க ஒரு குழு தேவையா?

பகிர்ந்து வாழ்வது வெளிநாட்டு மோகம் என்பவர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களை மறந்துவிட்டார்கள். வேலை தேடி வந்த எத்தனையோ ஆயிரம் இளைஞர்களை ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பொதுக் குழாயோடு இந்த நகரம் ஏற்றுக்கொண்டது அங்கேதான். தமிழக அரசின் ‘தோழி’ விடுதிகள் கூடுவாஞ்சேரி, தாம்பரம், அடையாறு, பரங்கிமலை என்று வேலைக்குப் போகும் பெண்களுக்கு நடத்தப்படுகின்றன. அவை போதவில்லை என்பதற்குத் தெருவுக்குத் தெரு ஒட்டியிருக்கும் பி.ஜி. விளம்பரங்களே சாட்சி. மூன்று பேர் பகிரும் அறையில் ஒரு கட்டிலுக்குத் தன் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் கொடுக்கும் பெண், ஒவ்வொரு நாளும் மெட்ரோ வாசலில் வெயிலில் காயும் கார் வரிசையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். அந்த வரிசைக்கு மேலே அவளுக்கு ஓர் அறை கட்ட முடியும் என்பது நம் அதிகாரிகளுக்கு ஏன் தோன்றவில்லை?

5. ‘கீரை வளர்த்து ஊருக்குச் சோறு போட முடியுமா?’

முடியாது. போட முடியும் என்று சொல்கிற ஆர்வலர்கள் இந்த யோசனைக்குக் கெடுதலே செய்கிறார்கள். சிங்கப்பூரைப் பாருங்கள். அங் மோ கியோ வீடமைப்புப் பேட்டையில் ஓர் அடுக்கு வாகன நிறுத்தத்தின் கூரையில் 2019இல் வணிகக் கீரைப் பண்ணை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னும் பல கூரைகளை அரசே ஏலத்தில் விட்டது. 2030க்குள் 30 சதவீத உணவை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்ற இலக்கு அப்போது இருந்தது. 2025 இறுதியில் அந்த இலக்கு கைவிடப்பட்டு வேறு இலக்கு வந்தது. உற்பத்திச் செலவு கட்டுப்படியாகவில்லை. விலையுயர்ந்த கருவிகளோடு பெருநிறுவனம் நடத்தும் பண்ணையாக இதைக் கற்பனை செய்தால் இங்கும் அதே கதிதான்.

அதற்காக யோசனையே தவறு என்று ஆகிவிடுமா? நெல்லும் வெங்காயமும் மொட்டைத் தளத்துக்கு வேண்டாம். பறித்த சில மணி நேரத்தில் வாடிப்போகிற கீரைக்குத்தான் அருகாமை தேவை. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து நள்ளிரவில் கோயம்பேட்டுக்கு வந்து, அங்கிருந்து சில்லறைக் கடைக்குப் போய், தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சாயங்காலம்வரை பிழைக்கவைக்கப்படும் அரைக்கீரைக் கட்டுக்கு, மேல்தளத்திலிருந்து படியிறங்கி வரும் கட்டு நிச்சயமாக ஈடுகொடுக்கும். முளைக்கீரை விதைத்து மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாம். ஒரு கார் கட்டம் மூன்று நல்ல பாத்திகளாகும். விதைப்பை ஒரு வாரம் தள்ளித் தள்ளிச் செய்தால் விடுதி அடுக்களைக்கு அறுவடை நிற்காது.

தரையில் நேரடியாக விதைக்கக் கூடாது என்பது முக்கியம். வருடக்கணக்கில் எண்ணெய் சொட்டிய தளம் அது. பாத்தியும் பையும் தனியாக, தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். வெறும் மண்ணைக் கொட்டவும் கூடாது. ஈரம் ஏறிய மண் அரையடி ஆழத்துக்கே சதுர மீட்டருக்கு 300 கிலோ வரும். கார் தளத்தின் வடிவமைப்புப் பாரத்தைத் தாண்டிவிடும். தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த லேசான கலவைதான் சரி. மாடித்தோட்டம் போடுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம் இது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த மாடித்தோட்டத் தொகுப்பிலும் நார்க்கழிவுதான் இருந்தது.

மனிதர் வாழத் தகாத அடித்தளத்துக்கும் பயிர் உண்டு. பாரிஸ் நகரின் வடக்கில், அரசுக் குடியிருப்பு ஒன்றுக்குக் கீழே கைவிடப்பட்டுக் கிடந்த 1970களின் நிலத்தடிப் பார்க்கிங்கில் 2017இல் காளான் பண்ணை தொடங்கினார்கள். அங்கே குளிர்; இங்கே எப்படி என்று கேட்கலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் விளையும். வைக்கோல், பிளாஸ்டிக் பை, ஈரம். பெரிய முதலீடு கிடையாது. ஒரே நிபந்தனை: கார் ஓடும் தளமும் காளான் தளமும் ஒன்றாக இருக்க முடியாது. தளத்தை முழுசாக ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

6. ‘வியாபாரம் படுத்துவிடும்.’

பாண்டி பஜார் 2019இல் நடைபாதை வளாகமாக மாறியபோதும் இதையேதான் சொன்னார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அங்கே போய்விட்டு வந்து பேசுங்கள். ரங்கநாதன் தெருவுக்குள் கடை நேரத்தில் கார் போவதில்லை. தமிழ்நாட்டிலேயே நெருக்கமாகக் கடை நடக்கும் தெருக்களில் அதுவும் ஒன்று. கடைக்குள் வந்து பணம் கொடுப்பது ஆள். மாம்பலம் ரயில் நிலையம் கொண்டுவந்து இறக்குகிற கூட்டத்தை எந்தப் பார்க்கிங்கும் கொண்டுவர முடியாது.

7. ‘சட்டம் இடங்கொடுக்காது.’

இது உண்மை, ஆகவே சட்டத்தை மாற்ற வேண்டும். ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்கக் கட்டுநருக்கு உரிமையில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது எல்லோருக்குமான பொதுப்பகுதி. ஆனால் அந்தப் பொதுப்பகுதியில் நான்கு கார் இடத்தைக் கீரைப் பாத்தியாகவோ, வாட்ச்மேன் குடும்பத்துக்கு முறையான வீடாகவோ மாற்ற நலச் சங்கம் முழுமனதாகத் தீர்மானித்தாலும் முடியாது. அது திட்ட மீறல். காரே இல்லாத இருபது குடும்பங்கள் சேர்ந்து வீடு கட்டினாலும், வராத கார்களுக்கு இடம் விட்டே ஆக வேண்டும்.

மற்ற ஊர்கள் இதை எப்போதோ திருப்பிப் போட்டுவிட்டன. லண்டன் 2004இல் ‘குறைந்தபட்சம் இத்தனை’ என்ற விதியை ‘அதிகபட்சம் இத்தனை’ என்று மாற்றியது. மெக்சிகோ சிட்டி 2017இல் அதையே செய்தது. அது பணக்கார ஐரோப்பிய நகரம் ஒன்றுமில்லை. ஜப்பானில் 1962இலிருந்து, காரை நிறுத்த வீட்டுக்கு அருகில் இடம் இருக்கிறது என்று காவல்துறையிடம் சான்று பெற்றால்தான் பெரும்பாலான இடங்களில் காரைப் பதிவே செய்ய முடியும். இடம் தேடும் பொறுப்பு வாங்குகிறவருடையது, ஊருடையது இல்லை. நமக்கு முதற்கட்டமாக, மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் குறைந்தபட்ச விதியை நீக்கினாலே போதும்.

8. கடைசி ஆட்சேபம் என் பக்கத்து ஆட்களிடமிருந்தே வருகிறது. அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

பொதுநிலத்தில் ‘கோ-லிவிங்’ என்று சொன்னால் யார் வந்து நிற்பார்கள்? கண்ணாடி முகப்பும் பீன்பேக் நாற்காலியும் போட்டு, கட்டிலுக்குப் பதினைந்தாயிரம் கேட்கும் நிறுவனம். காரிடமிருந்து மீட்ட நிலம் ஐ.டி. சம்பளக்காரருக்குப் போகும், வாட்ச்மேன் பழையபடி மோட்டார் ரூமிலேயே இருப்பார். கவலை நியாயமானது. நிலம் யார் கையில் இருக்கிறது என்பதே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எனவே நிலத்தை விற்கக் கூடாது. நீண்டகாலக் குத்தகைக்குத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. மாநகராட்சியோ மெட்ரோ நிறுவனமோ தன்னிடமே வைத்துக்கொண்டு, தோழி விடுதியைப் போல அரசு நிறுவனத்தின் மூலம் நடத்த வேண்டும். கட்டில்களில் பாதியைத் துப்புரவுப் பணியாளர், செவிலியர் உதவியாளர், வாட்ச்மேன், கடைப் பணிப்பெண் ஆகியோருக்கு அவர்களுடைய சம்பளத்துக்கு ஏற்ற வாடகையில் ஒதுக்க வேண்டும். தளத்துத் தோட்டத்தைப் பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுக்க வேண்டும். விளைச்சலை முதலில் வாங்கும் கடமை விடுதி அடுக்களைக்கு. குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கான செலவு திட்டத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். பெரும்பாக்கத்தில் லிப்ட்டுக்கும் தண்ணீருக்கும் மக்கள் பட்ட பாடு மறுபடி நடக்கக் கூடாது. பொது நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள திறந்தவெளிப் பார்க்கிங் எத்தனை சதுர மீட்டர், எந்த நேரத்தில் எவ்வளவு காலி என்ற பட்டியலை வெளியிட்டாக வேண்டும். அந்தப் பட்டியல் வராமல், நகருக்குள் இடமில்லை என்று இன்னொரு குடும்பத்தைக்கூடப் பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்ற அரசுக்கு உரிமை கிடையாது.